ஆல்பம் லேப் சரக்கில் வீட்டு வண்ணப் பிரதி

கறுப்பு வெள்ளைப் படங்களை வீட்டு இருட்டறையில் பிரதி போடுகிறவர்கள்கூட வண்ணம் என்றதும் பின்வாங்குவதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள்: முழு இருட்டில் வேலை செய்ய வேண்டும், ரசாயனத்தை 38 டிகிரி வெப்பத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும். முதலாவது உண்மை. இரண்டாவது, பெங்களூரில் இருப்பவர்களைப் பொறுத்தவரை, தேவையில்லாத கவலை. கல்யாண ஆல்பம் செய்யும் லேப்களுக்காக இந்த ஊரில் விற்கப்படும் சுருள் தாளையும், அதே லேப்கள் வாங்கும் ரசாயனத்தையும் வைத்துக்கொண்டு, சாதாரண பிளாஸ்டிக் ட்ரேயில், அறை வெப்பத்திலேயே நல்ல வண்ணப் பிரதி எடுக்கலாம். ஆர்வலர்களுக்கென்று தனியாகப் பெட்டி கட்டி வெளிநாட்டிலிருந்து வரும் சிறு பொட்டலங்களைவிட இந்த லேப் சரக்கு விலையிலும் புதுமையிலும் மேலானது என்பது, இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு நான் வந்திருக்கும் முடிவு.

இங்கே பேசப்படுவது நெகட்டிவிலிருந்து வண்ணப் பிரதி எடுக்கும் ஆர்ஏ-4 முறை. கோடக் நிறுவனம் இதை 1980-களில் கொண்டுவந்தது. அதற்கு முன்பு இருந்த இபி-2 முறையில், படத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பரில் பென்சைல் ஆல்கஹால் சேர்க்க வேண்டியிருந்தது. தாள் டெவலப் ஆவதற்கு மூன்றரை நிமிடம் பிடித்தது. ஆர்ஏ-4 தாளில் வெளிச்சத்தை உணரும் வெள்ளி உப்பு ஏறக்குறைய முழுவதும் சில்வர் குளோரைடு. குளோரைடு விரைவாக டெவலப் ஆகும் என்பதால் 35 டிகிரியில் 45 நொடியே போதும் என்றாயிற்று, பென்சைல் ஆல்கஹாலும் போய்விட்டது. மணிக்கு ஆயிரக்கணக்கில் படம் தள்ளவேண்டிய லேப்களின் அவசரத்துக்காகச் செய்யப்பட்ட இந்த மாற்றத்தின் பலன் வீட்டில் வேலை செய்கிறவருக்கும் கிடைக்கிறது: 24 டிகிரியில் ட்ரேயில் போட்டாலும் இரண்டு நிமிடத்துக்குள் தாள் முழுமையாக டெவலப் ஆகிவிடுகிறது.

முதலில் தாள். இன்று கடையில் புதிதாகக் கிடைப்பது நடைமுறையில் ஃபூஜிஃபிலிமின் கிரிஸ்டல் ஆர்க்கைவ் வரிசை மட்டுமே. ஒரு காலத்தில் கோடக், அக்ஃபா, கோனிகா என்று தேர்ந்தெடுக்க வழியிருந்தது. அக்ஃபாஃபோட்டோ 2005-இல் திவாலானது. கோனிகா மினோல்டா 2006 தொடக்கத்தில் புகைப்படத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. கோடக்கின் எண்டுரா தாள் கடைகளில் என் கண்ணில் படுவதெல்லாம் பழைய இருப்புதான். போட்டி இல்லாத பொருள் என்பதால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட வேண்டியதில்லை. ஆனாலும் கிரிஸ்டல் ஆர்க்கைவ் நல்ல தாள். வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. கறுப்பில் பச்சையோ ஊதாவோ கலப்பதில்லை. ஒரே சுருளின் தொடக்கத்திலிருந்தும் கடைசியிலிருந்தும் வெட்டிய தாள்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எதையும் நான் கண்டதில்லை. வரிசையில் மலிவானது ஆல்பத்துக்கான மெல்லிய தாள். சுப்ரீம் என்ற வகை சற்றுக் கனமானது, மேக்ஸிமா அதைவிடவும் கனமானது. பழகுவதற்குச் சுப்ரீம் போதும். மேக்ஸிமாவின் ஆழ்ந்த கறுப்பு அழகானதுதான், ஆனால் நேரமும் நிறமும் சோதிக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப் துண்டுகளுக்காக அதைக் கிழித்துக்கொண்டிருப்பது கையிருப்புக்கு ஆகாத செலவு.

வாங்கும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. அளவாக வெட்டிய தாள் பெட்டியாக வேண்டுமென்றால் பெரும்பாலும் இறக்குமதிதான் கதி. அதன் விலை, சுங்கம், கப்பல் செலவு எல்லாம் சேர்ந்து ஒரு தாளை எடுக்கும்போதே கை கூசும். சுருளாக வாங்கினால் கணக்கு மாறிவிடுகிறது. 8 அங்குல அகலச் சுருள் 80 மீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. அதை 10 அங்குலத் துண்டுகளாக வெட்டினால் 300-க்கும் மேற்பட்ட தாள்கள் தேறும். தனி மனிதருக்கு இது அதிகம்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் இன்னும் ஃபிலிமில் எடுக்கிற தமிழ் நண்பர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பேட்டைப் பகுதியில் லேப்களுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி ஒருவர், ஆற்காட்டிலிருந்து வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பத்துக்காரர், சுருளை எடுத்துத் தரும்போது சொன்ன எச்சரிக்கை இது: “சார், டேட் பாக்காம எடுக்காதீங்க. பாதி லேப் இப்போ டிஜிட்டல் மிஷின் பிரிண்டுக்குப் போயிடுச்சு. ரோல் முன்ன மாதிரி ஓடல, நின்னு நின்னுதான் போகுது.” ஆல்பம் தொழில் டோனர் அச்சுக்கு நகர்ந்துகொண்டிருப்பதால் சில்வர் ஹாலைடு தாள், அதாவது இந்த வெள்ளி உப்புத் தாள், கடையில் தேங்குகிறது, தேங்கிய தாளில் கான்ட்ராஸ்ட் குறையும், வெள்ளைப் பகுதி பழுப்பேறும். பெயர் சொல்ல விரும்பாத வேறொரு கடையில் தேதிக்கு மேல் புது விலைச் சீட்டு ஒட்டிய சுருளை என்னிடம் விற்றார்கள். முகம் டெவலப் ஆகி வரும்போது பின்னணிச் சுவர் வெளிர் மஞ்சளாக வந்ததில்தான் அது தெரிந்தது. எனவே பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதை வெட்டி, கறுப்புப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். வேலைக்கு எடுக்கும்போது பை திறப்பதற்கு முன் சில மணி நேரம் வெளியே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் குளிர்ந்த தாளின் மேல் ஈரம் படியும்.

வெட்டுவது முழு இருட்டில். பலகையின் மேல் 10 அங்குலத்தில் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்துவிட்டால் தாளின் முனை அதில் முட்டும்போது கை தானே அளவு கண்டுகொள்ளும். எந்தப் பக்கம் மேற்பூச்சு என்று இருட்டில் தெரியாமல் தடுமாறுகிறவர்கள், தாளின் மூலையை ஈர உதட்டில் லேசாக வைத்துப் பார்க்கலாம். ஜெலட்டின் பூசிய பக்கம் ஒட்டும். சுகாதாரமான யோசனை அல்ல, பலிக்கிற யோசனை.

இந்தத் தாள் எதற்காகத் தயாரிக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அதன் குணமும் புரியும். இன்றைய மினிலேப்பில், அதாவது லேப்களின் பிரதி எடுக்கும் இயந்திரத்தில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளின் மேல் விழச் செய்யும் என்லார்ஜர் வெளிச்சம் கிடையாது. சிவப்பு, பச்சை, நீல லேசர்கள் தாளின் மேல் ஒவ்வொரு புள்ளியையும் நொடியில் மிகச்சிறு பகுதியில் தீட்டிக்கொண்டு போகின்றன. அத்தனை குறுகிய வெளிச்சத்திலும் கறுப்பு கறுப்பாக வரவேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது இந்தத் தாள். அதை எடுத்து என்லார்ஜருக்குக் கீழே வைத்து, 10 நொடி 15 நொடி என்று நிதானமாக வெளிச்சம் கொடுக்கும்போதும் அது வேலை செய்கிறது. ஆனால் கான்ட்ராஸ்ட் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். கறுப்பு வெள்ளையில் ஃபில்டர் மாற்றிக் கான்ட்ராஸ்டைக் குறைப்பதுபோல் இதில் செய்ய வழியில்லை. எனவே நெகட்டிவ் தேர்விலேயே கவனம் வேண்டும். போர்ட்ரா 160, போர்ட்ரா 400 போன்ற மென்மையான ஃபிலிம்கள் இதில் அருமையாக வருகின்றன. எக்டார் 100 நெகட்டிவ் வெயிலில் எடுத்ததாக இருந்தால் நிழல் பகுதி அடைத்துக்கொள்ளும். கோல்டு 200 நடுவில் நிற்கிறது.

நிறத்தைப் பற்றி நம் கண்ணுக்கு முக்கியமான இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். மாநிறத் தோலை இந்தத் தாள் மிக நன்றாகக் காட்டுகிறது. வெயில் பட்ட கன்னத்திலிருந்து கழுத்து நிழல் வரை நிறம் உடையாமல் இறங்குகிறது. பட்டு விஷயத்தில் அத்தனை மெச்ச முடியாது. அரக்குச் சிவப்புக் காஞ்சிப் பட்டின் மடிப்புகள், கொஞ்சம் வெளிச்சம் கூடினாலும் ஒரே சிவப்பாகத் திரண்டுவிடுகின்றன. முகத்துக்குச் சரியான நேரத்தைக் கொடுத்துவிட்டு, புடவையின் மேல் சிறு அட்டையை ஆட்டிச் சிறிது வெளிச்சத்தைத் தடுத்தால்தான் மடிப்பும் ஜரிகையும் பிரிந்து தெரியும். மஞ்சள், குங்குமம் இரண்டும் சேர்ந்திருக்கும் நெற்றியும் இப்படித்தான் சோதிக்கும்.

இனி ரசாயனம். ஆர்ஏ-4-க்கு வேண்டியவை டெவலப்பர், பிளீச்சும் ஃபிக்ஸரும் ஒன்றாகக் கலந்த பிளிக்ஸ், இரண்டு மட்டும்தான். டெவலப்பரில் உள்ள சிடி-3 என்ற பொருள் வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும்போது தானும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்படி மாறிய சிடி-3, தாளின் அடுக்குகளில் ஏற்கெனவே இருக்கும், கப்ளர்கள் எனப்படும் சாய மூலப்பொருள்களுடன் சேர்ந்து சாயமாகிறது. மேல் அடுக்கில் சயான் என்ற பச்சை கலந்த நீலம், நடுவில் மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு, அடியில் மஞ்சள். அதன் பிறகு பிளிக்ஸ் வெள்ளியை முழுவதுமாகக் கரைத்தெடுத்துவிடுகிறது. மிஞ்சுவது சாயம் மட்டும். வண்ணப் பிரதியில் வெள்ளியே இருப்பதில்லை என்பது கறுப்பு வெள்ளையிலிருந்து வருகிறவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

ஆர்வலர்களுக்கான சிறு பொட்டலங்களில் ஒரு வசதி உண்டு: ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று கலக்கிக்கொள்ளலாம், கையேடும் கூடவே வரும். அதற்கு மேல் அவற்றுக்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கப்பலிலும் கிடங்கிலும் எத்தனை மாதம் கிடந்தது என்று தெரியாத திரவம். எனக்கு வந்த பொட்டலம் ஒன்றில் சிடி-3 இருக்கும் பகுதி திறக்கும்போதே கருத்துப் போயிருந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. லேப்களுக்கான டெவலப்பர் ரெப்ளெனிஷர், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத் தொட்டியில் தேய்மானத்துக்கு ஈடாக ஊற்றிக்கொண்டே இருக்கும் கரைசல், ஏ, பி, சி என்று மூன்று பகுதிகளாக, 10 லிட்டரோ அதற்கு மேலோ கலக்கும் அளவில் கிடைக்கிறது. லேப்கள் வாரந்தோறும் வாங்குவதால் சரக்கு புதிது. இயந்திரத்தில் இதை முதன்முதலாக நிரப்பும்போது ஸ்டார்ட்டர் சேர்த்து வேகத்தைக் குறைப்பார்கள். அறை வெப்பத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த வேகம் வேண்டும். ஸ்டார்ட்டர் சேர்க்காமல் ரெப்ளெனிஷரை அப்படியே ட்ரேயில் ஊற்றலாம்.

பத்து லிட்டரை ஒரேயடியாகக் கலக்கக் கூடாது. உறையில் அச்சிட்டிருக்கும் விகிதப்படி, அளவு ஜாடியில் மூன்று பகுதிகளையும் தனித்தனியே அளந்து, ஒரு லிட்டருக்கு மட்டும் கலந்துகொண்டு, மீதியைக் கழுத்து வரை நிரம்பிய பழுப்புக் கண்ணாடிச் சீசாக்களில் மூடி வைத்துவிட வேண்டும். டெவலப்பருக்கு எதிரி காற்று. இயந்திரங்களில் ஒரு சதுர மீட்டர் தாளுக்குச் சுமார் 160 மில்லி என்று ரெப்ளெனிஷர் ஊற்றுவது வழக்கம். 8க்கு 10 அங்குலத் தாளுக்கு இது 8 மில்லி சொச்சம். திறந்த ட்ரேயில் காற்றும் சேர்ந்து தின்னும் என்பதால் அதைவிடத் தாராளமாக ஊற்ற வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் ட்ரேயில் இருப்பதைச் சீசாவுக்குத் திருப்பிவிட்டால் அடுத்த வாரமும் பயன்படும்.

வெப்பத்தைப் பற்றிய பயத்துக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம். மும்பையின் மே மாத வியர்வையும் டெல்லியின் ஜனவரி நடுக்கமும் இல்லாத ஊர் இது. பெங்களூரில் ஜன்னல் அடைத்த அறையில் ட்ரே பெரும்பாலான மாதங்களில் 22-க்கும் 27-க்கும் இடையிலேயே நிற்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் மட்டும் இன்னொரு பெரிய ட்ரேயில் தண்ணீர் வைத்து, அதில் மீன் தொட்டி ஹீட்டரைப் போட்டு, டெவலப்பர் ட்ரேயை மிதக்க விடுகிறேன். ஆர்ஏ-4 டெவலப்பர் முடியும் இடம் வரை ஓடி, அதற்குப் பின் மெதுவாகிவிடும் தன்மையுடையது. வெப்பம் ஓரிரு டிகிரி ஏறி இறங்கினாலும் நேரத்தைச் சற்றுத் தாராளமாக விட்டால் நிறம் அதிகம் அலையாது. எவ்வளவு நேரம் என்பதைக் கையேட்டிலிருந்து எடுக்காமல் உங்கள் ட்ரேயிலேயே கண்டுபிடியுங்கள். விளக்கைப் போட்டு வெளிச்சம் காட்டிய சிறு துண்டுகளை 60, 90, 120, 150 நொடிகள் என்று டெவலப் செய்து, பிளிக்ஸில் போட்டு, காய வைத்துப் பாருங்கள். எந்த நேரத்துக்கு மேல் கறுப்பு ஆழமாவதில்லையோ அதுதான் உங்கள் நேரம். போதாத நேரம் கொடுத்த கறுப்பு நீலம் பாய்ந்து தெரியும். டெவலப்பர் கடைசியாகச் சென்று சேரும் அடி அடுக்கு மஞ்சளுக்கானது என்பதே காரணம். வெளிச்சமே காட்டாத ஒரு துண்டையும் கூடவே போட்டால் தாளின் வெள்ளை கெடாமல் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

டெவலப்பருக்கும் பிளிக்ஸுக்கும் நடுவே ஸ்டாப் பாத், அதாவது டெவலப் ஆவதை உடனே நிறுத்தும் அமிலக் கரைசல், வைப்பதைப் பல கையேடுகள் கட்டாயமாகச் சொல்வதில்லை. ட்ரேயில் வேலை செய்கிறவருக்கு அது கட்டாயம். தாளில் ஒட்டிய டெவலப்பர் நேராகப் பிளிக்ஸுக்குள் போனால் ஆக்சிஜனேற்றமடைந்து வெள்ளைப் பகுதியில் இளஞ்சிவப்புக் கறையும் கோடுகளும் விழும். லிட்டருக்கு 20 மில்லி அசிட்டிக் அமிலம் கலந்த தண்ணீரில் அரை நிமிடம் அலசினால் போதும். எதிர்த்திசையில் நடக்கும் விபத்து இன்னும் மோசம்: பிளிக்ஸ் ஒரு சொட்டு டெவலப்பரில் விழுந்தாலே அந்த டெவலப்பரை நம்ப முடியாது. இடுக்கிகளை மாற்றிவிடாமலும், ட்ரேக்களை டெவலப்பர் ஒரு கோடியிலும் பிளிக்ஸ் மறு கோடியிலுமாகவும் வைத்துக்கொள்வது இருட்டில் உயிர் நாடி. பிளிக்ஸில் இரண்டு நிமிடம், ஓடும் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம், வேலை முடிந்தது. தண்ணீரைப் பொறுத்தவரை, காவிரிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீடானால் யோசிக்க ஒன்றுமில்லை. போர்வெல்லோ டேங்கர் தண்ணீரோ என்றால் டெவலப்பரை வடிகட்டிய தண்ணீரிலேயே கலக்குங்கள். கடைசி அலசலுக்கும் ஒரு ஜாடி வடிகட்டிய தண்ணீர் வைத்துக்கொண்டால் பளபளப்புத் தாளின் மேல் சுண்ணாம்புப் பொட்டு காயாது.

என்லார்ஜரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெரும்பாலும் பழையதாகவே கைக்கு வரும் பொருளுக்கு மதிப்பெண் போட்டு என்ன பயன்? டர்ஸ்ட், மியோப்டா, எல்பிஎல் எதுவானாலும் வெளிச்சத்தின் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் டைக்ரோயிக் ஃபில்டர் உள்ள வண்ணத் தலை, அதாவது விளக்குப் பகுதி, இருக்க வேண்டும். ஒரு கம்பெனியின் ஃபில்டர் எண்ணை இன்னொன்றின் எண்ணுக்கு நேராக வைக்க முடியாது என்பதால் நண்பர் சொன்ன எண்ணை நம்பித் தாளை வீணாக்க வேண்டாம். நெகட்டிவின் ஆரஞ்சு நிற அடித்தளத்தைச் சமன் செய்ய மஞ்சளும் மெஜந்தாவும் கணிசமாக வேண்டும்; என் தலையில் மெஜந்தா 50, மஞ்சள் 60 என்ற இடத்திலிருந்து தொடங்குவது வழக்கம். சயான் எப்போதும் பூஜ்யம். மூன்றையும் போட்டால் வெளிச்சம்தான் வீணாகும். திருத்தும் விதி முதலில் குழப்பும், பிறகு பழகிவிடும்: பிரதியில் எந்த நிறம் மிகுந்து தெரிகிறதோ அதே நிற ஃபில்டரைக் கூட்ட வேண்டும். மஞ்சளாக இருந்தால் மஞ்சளைக் கூட்டு, பச்சையாக இருந்தால் மெஜந்தாவைக் குறை, சிவப்பாக இருந்தால் மஞ்சளையும் மெஜந்தாவையும் சேர்த்துக் கூட்டு, நீலமாக இருந்தால் மஞ்சளைக் குறை. ஐந்து எண் வித்தியாசத்தை முகம் காட்டிக்கொடுக்கும், சுவர் காட்டாது.

இதில் பெங்களூர்க்காரர் கூடுதலாகச் செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டு, அது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். மின்னழுத்தம் இறங்கும்போது ஹாலஜன் விளக்கின் வெளிச்சம் சிவந்துவிடுகிறது. சிவப்பு வெளிச்சம் கூடினால் பிரதியில் சயான் கூடும், நீல வெளிச்சம் குறைந்தால் மஞ்சள் குறையும். மாலை ஏழு மணிக்கு அடுக்குமாடியில் எல்லாரும் கீசர் போடும் நேரத்தில் எடுத்த பிரதியும் இரவு பதினொரு மணிக்கு எடுத்ததும் ஒரே ஃபில்டர் எண்ணில் வேறு வேறு நிறத்தில் வந்தால் தாளையோ டெவலப்பரையோ குறை சொல்ல வேண்டாம்.

தாளை உள்ளே வைத்து டெவலப் செய்யும் மூடிய டிரம் வாங்க வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். ஜோபோ டிரம்மும் பேட்டர்சன் டிரம்மும் நன்றாகச் செய்யப்பட்ட பொருள்கள். தாளை உள்ளே போட்டு மூடிவிட்டால் மீதி வேலையை வெளிச்சத்தில் செய்யலாம், சிறிதளவு ரசாயனமே போதும். ஆனால் ஒவ்வொரு பிரதிக்குப் பிறகும் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் கழுவித் துடைத்துக் காய வைக்க வேண்டும். நிறம் திருத்துவது என்பதே துண்டு துண்டாகப் போட்டுப் பார்க்கும் வேலை. அந்த வேலைக்கு நடுவே டிரம் துடைத்துக்கொண்டிருப்பவர் நேற்றைய நிறத்தை மறந்துவிடுவார். இருட்டுக்கு அஞ்சுகிறவர்கள் வாங்கட்டும். சூடேற்றும் செங்குத்துத் தொட்டிகளும் அப்படியே. குளிர் நாட்டுக்காரர்களுக்கு அவை அவசியம், பெங்களூரில் அலங்காரம்.

இருட்டு என்றதும் பாதுகாப்பு விளக்கு பற்றிய கேள்வி வரும். வண்ணத் தாள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பார்க்கும். கறுப்பு வெள்ளை அறையின் சிவப்பு விளக்கு இதை நொடியில் கெடுத்துவிடும். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே, 590 நானோமீட்டர் அருகில், தாளின் உணர்திறன் மிகவும் குறைந்துவிடுகிறது. முன்பு லேப்களில் சோடியம் விளக்குகளை வைத்துக்கொண்டது அதனால்தான். எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் அந்த அலைநீளத்து ஆம்பர் எல்இடி சில்லறைக்குக் கிடைக்கிறது. ஒன்றே ஒன்றை மங்கலாக எரியவிட்டுச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் ட்ரேயின் விளிம்பு தெரியும். அதை நம்புவதற்கு முன், ஒரு தாளின் மேல் காசை வைத்து ஐந்து நிமிடம் அந்த விளக்கில் விட்டு டெவலப் செய்து பாருங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கைக் குறைக்க வேண்டும். உண்மையில் சில வாரப் பழக்கத்துக்குப் பிறகு விளக்கே தேவைப்படுவதில்லை. இருட்டில் நொடி எண்ணிச் சொல்லும் கைப்பேசிச் செயலியைத் தேடாமல், பேசும் கடிகாரமோ, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமோ வைத்துக்கொள்வது நல்லது. கைப்பேசித் திரை ஒருமுறை ஒளிர்ந்தால் திறந்திருக்கும் தாள் அத்தனையும் போச்சு.

ஈரமாக இருக்கும் பிரதியைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்கக் கூடாது. ஈரத்தில் மேற்பரப்பு நீலம் பூத்தாற்போல் தெரியும், காய்ந்ததும் அது மறையும். தாள் பாலித்தீன் பூசியது என்பதால் ரப்பர் வைப்பரால் வழித்துவிட்டு ஹேர் டிரையர் காட்டினால் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிடும். சமையலறை எல்இடி பல்பின் கீழ் பார்க்காமல், பகல் வெளிச்சத்திலோ 5000 கெல்வின் அளவுள்ள நல்ல விளக்கிலோ பாருங்கள். பெங்களூரின் மேகமூட்டமான காலை இதற்கு நன்றாக உதவுகிறது.

ஸ்லைடு, அதாவது நேர்ப் படமாகவே இருக்கும் ஃபிலிம், வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சரக்கு நேரடியாக உதவாது. ஸ்லைடிலிருந்து பிரதி எடுப்பதற்கென்றே சீபா நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த சிபாக்குரோம், பிறகு இல்ஃபோகுரோம் என்று பெயர் மாறி, 2010-களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. அதில் சாயம் தாளிலேயே இருந்தது, வேண்டாத இடத்தில் அழிக்கப்பட்டது. ஆர்ஏ-4-இல் சாயம் உண்டாக்கப்படுகிறது. ஆர்ஏ-4 தாளை முதலில் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் டெவலப் செய்து, விளக்கைப் போட்டு முழுத் தாளுக்கும் வெளிச்சம் காட்டி, பிறகு வண்ண டெவலப்பரில் போட்டு ஸ்லைடிலிருந்து நேர்ப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். படம் வருகிறது, கான்ட்ராஸ்ட் கன்னத்தில் அறைகிறது. விளையாட்டாகச் செய்து பார்க்கலாம், சட்டம் போட்டு மாட்ட முடியாது. நிலைத்திருப்பதைப் பொறுத்தும் ஒரு வார்த்தை: இது சாயம், நிறமி அல்ல. நல்ல நிறமி மை இன்க்ஜெட் பிரதி இதைவிட நெடுநாள் நிற்கும். நேர் வெயில் விழும் சுவரில் இதை மாட்டாதீர்கள்.

சிடி-3 தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை தொடங்கினால் பிறகு ஒவ்வொரு முறையும் தடிக்கும். நைட்ரைல் கையுறை இல்லாமல் டெவலப்பரில் விரலை விட வேண்டாம். அறைக்கு வெளிச்சம் புகாத எக்ஸாஸ்ட் ஒன்று இருந்தாக வேண்டும், பிளிக்ஸின் வாடைக்கு மூடிய குளியலறை தாங்காது. பயன்படுத்திய பிளிக்ஸில் தாளிலிருந்து கரைந்த வெள்ளி அத்தனையும் இருக்கிறது; அதைச் சாக்கடையில் கொட்டுவது ஏரிகளுக்குச் செய்யும் கேடு. ஆல்பம் லேப்களில் வெள்ளியைப் பிரித்தெடுக்க ஏற்பாடு வைத்திருப்பார்கள். தாள் வாங்குகிற இடத்தில் கேட்டால் எந்த லேப் எடுத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள், பெரும்பாலும் காசு கேட்பதில்லை. பிளிக்ஸைத் தனி கேனில், மேலே பெயர் எழுதிக் கொண்டுபோக வேண்டும். டெவலப்பரையும் அதிலேயே ஊற்றி வைத்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.